கோழிப்பண்ணை நிலவரம் தெரிந்த பிறகு சைவத்துக்கு மாறுகிறேன்: எதை முதலில் விடுவது, புரதத்துக்கு என்ன செய்வது?

செங்காந்தள் (கேள்வி)

வணக்கம். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி எப்படி வளருது, பல்லடம் பக்கம் கறிக்கோழி எப்படி வளருதுன்னு விவரமாத் தெரிஞ்ச பிறகு சாப்பிட மனசு ஒப்பலை. சைவத்துக்கு மாறுறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எப்படி மாறுறதுங்கறதுலதான் குழப்பம்.

இப்போதைய சாப்பாடு: வாரம் மூணு நாள் பிராய்லர், ஒவ்வொரு தடவையும் கால் கிலோ. தினம் ரெண்டு முட்டை. மாசம் ஒரு தடவை கால் கிலோ மட்டன். தினம் அரை லிட்டர் பால். வயது 34, எடை 62 கிலோ, சர்க்கரை, தைராய்டு எதுவும் இல்லை.

"கறியை விட்டுட்டு முட்டையை நாலாக் கூட்டிக்கோ, புரதம் சரியாயிடும்"னு நிறைய பேர் சொல்றாங்க. அது சரியா? நாட்டுக்கோழி முட்டைன்னா மனசாட்சிக்கு உறுத்தாம சாப்பிடலாமா? பி12 எங்கிருந்து வரும்? மாத்திரை இல்லாம முடியுமா? விவரம் தெரிஞ்சவங்க எண்ணிக்கையோட சொன்னா உதவியா இருக்கும்.

கால்நடை_மருத்துவம்

கோழி படும் பாடுதான் காரணம் என்றால், கறியை விட்டு முட்டையைக் கூட்டுவதில் ஏறக்குறைய எந்தப் பலனும் இல்லை. உங்கள் அளவை வைத்தே கணக்குப் போடுவோம்.

வாரம் முக்கால் கிலோ என்றால் வருடத்துக்கு 39 கிலோ. 2 கிலோ உயிர் எடையுள்ள பிராய்லரை உரித்தால் 1.3 கிலோ கறி வரும். ஆக வருடம் 30 கோழி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 நாள் வளர்கிறது. மொத்தம் 1,200 நாள் கொட்டகை வாழ்க்கையை உங்கள் தட்டு கேட்கிறது.

இனி முட்டை. இன்னும் 2 கூட்டினால் வருடத்துக்கு 730 முட்டை கூடுதல். நூறு முட்டைக்கோழியிலிருந்து நாளுக்கு 85 முட்டை வாக்கில் கிடைக்கும். அப்படியானால் 730 முட்டைக்கு 860 நாள் கூண்டு. முட்டையிடத் தொடங்குவதற்கு முன் 18, 19 வாரம் வளர்ப்பு இருக்கிறது. அதில் இந்த முட்டைகளின் பங்கையும் சேர்த்தால் 1,150 நாளை நெருங்கும். ஒரு பக்கம் மிச்சம் பிடித்த 1,200 நாள் இன்னொரு பக்கம் வந்து சேர்ந்துவிடுகிறது. இருப்பதிலேயே மோசமான இடமும் அந்தக் கூண்டுதான்.

ஏன் மோசம்? பழைய முறைக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் 400 முதல் 450 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாள் 624 சதுர செ.மீ. கோழி இறக்கையை விரிக்க முடியாது. மண்ணில் புரள முடியாது, உட்காரக் கிளை கிடையாது, முட்டையிட மறைவிடம் கிடையாது. முட்டையிடும் முன் மறைவிடம் தேடி அலைவது அதற்குப் பிறவிக் குணம், ஒவ்வொரு நாளும் தேடி ஒவ்வொரு நாளும் கிடைக்காது. கீழே சாய்வான கம்பி வலை, முட்டை உருண்டு முன்பக்கம் வருவதற்காக. ஓட்டுக்கு மட்டும் முட்டைக்கு 2 கிராம் வாக்கில் கால்சியம் போகிறது. தீவனம் போதாதபோது எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நடமாட்டமே இல்லாததால் எலும்பும் பலவீனம். கடைசி நாளில் பிடித்து இழுக்கும்போது கால், இறக்கை எலும்பு முறிவது இதனால்தான். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் என்பதால் 7 முதல் 10 நாள் குஞ்சிலேயே சூடான தகட்டில் அலகு நுனியை வெட்டுவார்கள். பிறகு இன்னொரு தடவையும் வெட்டுவது உண்டு. அலகு நுனியில் நரம்பு நிறைய, நகம் வெட்டுவதுபோல் அல்ல. 72 முதல் 80 வாரம் ஆனதும் முட்டை குறையும், கறிக்கு ஏற்றிவிடுவார்கள்.

முட்டையோடு சேர்த்து யாரும் எண்ணாத ஒன்று சேவல் குஞ்சு. பிவி 300 போன்ற முட்டை இனத்தில் சேவல் முட்டையிடாது, கறியும் பிடிக்காது. அதனால் பொரித்த அன்றே பிரித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு முட்டைக்கோழிக்கும் பின்னால் ஏறக்குறைய ஒரு சேவல் குஞ்சு. ஜெர்மனியில் இதை 2022 ஜனவரி முதல் சட்டப்படி தடுத்தார்கள். பழைய முறைக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரியிலேயே நிறுத்தியது. நம் சட்ட ஆணையமும் 2017-இல் 269வது அறிக்கையாக முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பு பற்றித் தனியாக எழுதி, வரைவு விதிகளையும் கொடுத்தது.

பிராய்லர் பற்றி ஒரு திருத்தம். "ஊசி போட்டு வளர்க்கிறார்கள்" என்பது தவறு. 40 நாளில் 2 கிலோ வருவது இனத் தேர்வால், ஹார்மோனால் அல்ல. இது முக்கியம், ஏனென்றால் "மருந்தில்லா பிராய்லர்" என்று வாங்கினாலும் இனம் அதேதான். மார்புச் சதை வேகமாக ஏறும், கால் தாங்காது. நாலாவது வாரத்துக்கு மேல் பல கோழிகள் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும். நெருக்கம் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி வாக்கில். கீழே பரப்பிய தேங்காய் நார்க்கழிவு ஈரமானால் அமோனியா கிளம்பிக் கண் எரியும், கால் முட்டி வெந்து கறுக்கும். கடையில் உரித்த கோழியின் முழங்காலில் பழுப்புத் திட்டு இருந்தால் அது இந்தப் புண்தான். தாய்க்கோழி நிலை இன்னும் பரிதாபம். குஞ்சு வேகமாக வளரும் இனம் என்பதால் தாயும் அப்படியே வளரும், வயிறு நிறையத் தின்னவிட்டால் முட்டையிடாது. அதனால் அளந்த தீவனத்தில் ஆயுள் முழுக்கப் பசியிலேயே வைத்திருப்பார்கள்.

ஆகவே வரிசை: முட்டையும் பிராய்லரும் ஒன்றாக முதலில். மட்டன் உங்கள் அளவில் வருடத்துக்கு 3 கிலோ, ஒரு வெள்ளாட்டின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அந்த ஆடும் பெரும்பாலும் மேய்ச்சலில் திரிந்தது. அதைக் கடைசியில் விட்டாலும் கணக்கு கெடாது. ஆனால் வெட்டுமிடம் வேறு விஷயம். ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை வெட்டக்கூடாது என்று 2001 இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாலையோரக் கடையில் அது எங்கே நடக்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

நாட்டுக்கோழி முட்டை: பழுப்பு ஓடு என்பதற்காக நாட்டுக்கோழி ஆகிவிடாது, ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் கூண்டுக்கோழியும் உண்டு. உண்மையான புறக்கடை நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். அதுவும் அடைகாக்கும்போது நிறுத்திவிடும். எனவே வருடம் முழுக்க, வாரம் நூறு முட்டை தவறாமல் தருகிற ஆளிடம் இருப்பது நாட்டுக்கோழி அல்ல. விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: குஞ்சு எங்கே வாங்கினீர்கள்? சேவல் குஞ்சு என்ன ஆகிறது? அலகு வெட்டியிருக்கிறதா? வீட்டிலேயே அடைவைத்து, சேவலையும் வளர்ப்பவர் என்றால் மேலே சொன்ன கொடுமைகளில் பெரும்பாலானவை அங்கே இல்லை. ஆனால் தினம் இரண்டு முட்டை அந்த வழியில் கிடைக்காது.

உணவியல்_மதுரை

மேலே டாக்டர் சொன்ன வரிசைப்படி முட்டையும் சிக்கனும் ஒரே நேரத்துல போகுதுன்னா, மாத்துச் சாப்பாடு முதல் நாளே தயாரா இருக்கணும். சைவத்துக்கு மாறி மூணு மாசத்துல திரும்பிப் போறவங்க பலருக்கும் காரணம் ஒண்ணுதான்: கறியை எடுத்த இடத்துல பருப்பை வைக்காம, சோத்தையும் உருளைக்கிழங்கையும் வைக்கிறாங்க. எப்பப் பார்த்தாலும் பசி, தொப்பை, சோர்வு. பழி சைவத்து மேல விழுது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். 62 கிலோவுக்கு 51 கிராம். பருப்புப் புரதம் கறி அளவுக்கு முழுசாச் செரிக்காதுங்கறதால 60 கிராம் குறி வைங்க.

முதல்ல ஒரு தப்புக் கணக்கைத் திருத்தணும். சாம்பார் ஊத்திச் சாப்பிட்டா பருப்பு சாப்பிட்டாச்சுன்னு நினைப்பு. ஒரு கரண்டி சாம்பார்ல காய்ஞ்ச பருப்பு 10 கிராம் இருந்தாலே பெரிய விஷயம், அதுல புரதம் 2 கிராம். ரசத்துல அதுவும் இல்லை. அதனால சமைக்கும் முன்னாடியே காய்ஞ்ச பருப்பைத் தராசுல நிறுத்துப் போடுங்க. ஒரு வாரம் நிறுத்தா அப்புறம் கண்ணளவு வந்துடும்.

உங்களுக்கு ஒரு நாள் இப்படிப் போகலாம். காலையில நாலு இட்லி, உளுந்து சரியாப் போட்ட மாவுன்னா 10 கிராம். பதினொரு மணிக்கு 40 கிராம் கறுப்பு கொண்டைக்கடலை ஊறவச்சு அவிச்ச சுண்டல், 7 கிராம். மதியம் 100 கிராம் அரிசிச் சோறு 8, கெட்டியாக் கடைஞ்ச 40 கிராம் துவரம்பருப்பு 8, ஒரு கிண்ணம் தயிர் 4. சாயங்காலம் 30 கிராம் வேர்க்கடலை 7. ராத்திரி ரெண்டு சப்பாத்தி 6, அதோட 40 கிராம் பச்சைப்பயறு 9. ஒரு டம்ளர் பால் 6. கூட்டினா 65. தயிரையும் பாலையும் எடுத்தாலும் 55 நிக்கும். புரதத்தோட கூறுகள்ல அரிசியில குறையுற லைசின் பருப்புல இருக்கு, பருப்புல குறையுற மெத்தியோனின் அரிசியில இருக்கு. ஒரே வேளையில சேர்க்கணும்னு கட்டாயம் இல்லை, ஒரே நாள்ல ரெண்டும் இருந்தாப் போதும்.

வாயு பிரச்சினை கண்டிப்பா வரும். ஒரேயடியா 120 கிராம் பயறுக்குத் தாவினா குடல் ஒத்துக்காது. முதல் வாரம் 40 கிராம், அடுத்த வாரம் 80, மூணாவது வாரம் முழு அளவு. எட்டு மணி நேரம் ஊறவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியில வேகவைங்க. வாயுவைக் கிளப்புற ஒருவகைச் சர்க்கரையில ஒரு பங்கு அந்தத் தண்ணியோட போயிடும். பெருங்காயம், இஞ்சி சேர்க்கறதை விட இதுதான் பெரிய வித்தியாசம் தரும்.

இரும்புச்சத்து ஆணுக்கு 19 மி.கி., பெண்ணுக்கு 29 மி.கி. கீரை, பயறுல இருக்கற இரும்பு கறியில இருக்கறது மாதிரி எளிதா உறிஞ்சாது. சாப்பாட்டோட எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யான்னு ஏதாவது ஒண்ணு சேர்த்தாக் கூடுதலா ஏறும். சாப்பிட்ட உடனே காபி, டீ குடிச்சா நேர் எதிர். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

பி12-ல சமரசம் வேண்டாம். தாவர உணவுல அது கிடையாது. இட்லி மாவு புளிச்சா வருது, பழைய சோத்துல வருது, ஸ்பைருலினாங்கற பாசிப்பொடியில வருதுன்னு சொல்றதை நம்பி இருக்காதீங்க. ஸ்பைருலினாவுல இருக்கறது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி வடிவம். தேவை நாளுக்கு 2.2 மைக்ரோகிராம். அரை லிட்டர் பால், தயிர்ல ஏறக்குறைய ரெண்டு வரும், அதனால பால் குடிக்கற வரைக்கும் ஓரளவு தாங்கும். பாலையும் குறைச்சா மாத்திரை கட்டாயம். கல்லீரல்ல வருஷக்கணக்கா இருப்பு இருக்கும், அதனால குறைபாடு ரொம்ப லேட்டாத்தான் தெரியும். தெரியும்போது கால்ல மதமதப்பு, நாக்கு எரிச்சல், மறதின்னு நரம்பு வரைக்கும் போயிருக்கும். இப்பவே ஒரு தடவை ரத்தத்துல பி12 பார்த்துக்கோங்க, மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ இருந்தா டாக்டரைப் பார்க்கணும். ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கு: சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுக்கறவங்களுக்கு பி12 இன்னும் குறையும். தைராய்டு மாத்திரை போடறவங்க அதுக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடணும். சிறுநீரகக் கோளாறு இருந்தா இந்த அளவெல்லாம் பொருந்தாது, டாக்டரைக் கேக்காம பயறைக் கூட்டாதீங்க.

செங்காந்தள்

ரெண்டு பேருக்கும் நன்றி. முட்டைக் கணக்கு எதிர்பார்க்கவே இல்லை, நாலாக் கூட்டற யோசனையைக் கைவிட்டாச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. மீல் மேக்கர் எப்படிச் செஞ்சாலும் ரப்பர் மாதிரி, ஒரு மாதிரி வாசனையோட வருது, அதுக்கு வழி என்ன? அப்புறம் பால். கோழி அளவுக்குக் கணக்குப் பார்த்தா பால் எங்கே நிக்குது?

அஞ்சறைப்பெட்டி

மீல் மேக்கருக்கு: 50 கிராம் காய்ஞ்சது எடுத்தா ரெண்டு பேருக்கு ஆகும், புரதம் 25 கிராம் மொத்தமா. உப்புப் போட்ட தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது போட்டு ஆறேழு நிமிஷம் வேகவைங்க. வெந்நீர்ல ஊறவச்சு எடுக்கறது போதாது, ரப்பர் ஆகறதுக்குப் பாதிக் காரணம் அதுதான், நடுவுல வேகாம நிக்கும். வடிச்சுப் பச்சைத் தண்ணி ஊத்தி, கைப்பிடி கைப்பிடியா எடுத்துப் பிழிங்க. மறுபடி தண்ணி, மறுபடி பிழியணும். பிழியற தண்ணி நுரையில்லாமத் தெளிவா வந்தா வாசனை போயிடுச்சுன்னு அர்த்தம். பெரிய உருண்டைன்னா ரெண்டாக் கீறிடுங்க, இல்லைன்னா மசாலா தோலோட நின்னுடும்.

சுக்காவுக்கு நல்லெண்ணெயில சோம்பு, கல்பாசி, பட்டை, கறிவேப்பிலை தாளிச்சு, சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, இஞ்சி பூண்டு, தக்காளி ஒண்ணு வதக்குங்க. மல்லித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள் போட்டு எண்ணெய் பிரிஞ்ச பிறகுதான் மீல் மேக்கர். கால் டம்ளர் தண்ணி தெளிச்சு மூடி பத்து நிமிஷம் சிறு தீ, அப்புறம் திறந்து வச்சுச் சுருளச் சுருள வதக்கி, கடைசியில மிளகும் சோம்பும் நுணுக்கித் தூவி இறக்குங்க. கறியில நாக்கு தேடறதுல பெரும்பங்கு இந்த மசாலாதான். கல்பாசி இல்லாம செஞ்சா அந்தக் குறை தெரியும்.

தினமும் மீல் மேக்கர் வேண்டாம், அலுத்துடும். மொச்சைக் குழம்பு, தட்டைப்பயறு கத்தரிக்காய், கொள்ளுத் துவையல், பச்சைப்பட்டாணி குருமான்னு சுத்துங்க. பலாக்காய், காளான் ரெண்டும் வாய்க்குக் கறி மாதிரி இருக்கும், ஆனா புரதம் நூறு கிராமுக்கு மூணு கிராம்கூட ஒழுங்கா வராது. அதைச் செய்யற அன்னைக்குப் பருப்பு தனியா வேணும்.

முளைகட்டற பயறு வழுவழுன்னு நாறுதுன்னா தண்ணி வடியலைன்னு அர்த்தம். எட்டு மணி நேரம் ஊறவச்சு, நல்லா வடிச்சுத் துணியில தளர்வாக் கட்டித் தொங்கவிடுங்க. சித்திரை வெயில்ல பத்து மணி நேரத்துல முளை வந்துடும், அதுக்கு மேல வெளியில வைக்காதீங்க.

தொழுவத்துப்பிள்ளை

பாலுக்குப் பதில். எண்ணிக்கையில் பார்த்தால் சிறிசு: கலப்பினப் பசு ஒரு ஈற்றில், அதாவது ஒரு கன்று ஈன்று வற்றும் வரை, 2,000 முதல் 3,000 லிட்டர் கறக்கும். நீங்கள் வருடத்துக்குக் குடிப்பது 180 லிட்டர் சொச்சம். ஒரு ஈற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால் கோழிக்கு முன்னால் இதை வைக்க வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் பாலில் உயிர்ப்பலி இல்லை என்று நினைப்பவர்களுக்கு மறுப்புச் சொல்லியாக வேண்டும்.

கன்று ஈனாமல் பால் இல்லை. 13 முதல் 15 மாதத்துக்கு ஒரு ஈற்று என்று சினை ஊசி போட்டுக்கொண்டே இருந்தால்தான் பண்ணை ஓடும். பிறப்பதில் பாதி காளைக்கன்று. உழவுக்கும் வண்டிக்கும் மாடு தேவைப்பட்ட காலத்தில் அதற்கு விலை இருந்தது. டிராக்டர் வந்த பிறகு ஜெர்சி, எச்.எப். போன்ற சீமை இனக் கலப்புக் காளைக்கன்றுக்கு வேலையே இல்லை. அது குடிக்கும் பாலை விற்றால் காசு. அதனால் பேருக்கு இரண்டு மடக்கு ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுவதும், சில வாரத்தில் அது மெலிந்து சாவதும், வியாபாரியிடம் போவதும் சகஜம். வற்றிய மாடும் நாலைந்து ஈற்றுக்குள் அதே வழியில் போகும். செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தையில் கேரளா லாரிகள் நிற்பது இதற்குத்தான். பால் வாங்குகிறவர் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது, சிறு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. லிட்டருக்குக் கிடைக்கும் விலையில் வேலையில்லாத ஒரு காளையை வைத்துத் தீனி போட அவரால் முடியாது.

பாலினம் பிரித்த சினை ஊசி இப்போது கிடைக்கிறது. பத்தில் ஒன்பது கிடாரி, அதாவது பெண்கன்று, பிறக்கும். காளைக்கன்றுப் பிரச்சினை அதில் குறையும், வற்றிய மாட்டுப் பிரச்சினை தீராது.

பாக்கெட் பாலை விட்டு நேரில் வாங்க முடிந்தால், தொழுவத்தைப் போய்ப் பாருங்கள். கன்று எத்தனை, அதில் காளை உண்டா, எத்தனை மாதக் கன்று என்று கண்ணால் பாருங்கள். பத்து மாடு இருந்து ஒரு காளைக்கன்றுகூட இல்லையென்றால் காரணம் கேளுங்கள். பாலே வேண்டாம் என்று முடிவெடுத்தால் கால்சியம் 1,000 மி.கி. வேறு இடத்தில் தேட வேண்டும்: 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 வாக்கில், 20 கிராம் எள்ளில் 200-க்கு மேல், மீதிக்கு முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. பசலைக்கீரையைக் கால்சியத்துக்கு நம்ப வேண்டாம், ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உணவியல்_மதுரை

பாலை நிறுத்தற அன்னைக்கே பி12 மாத்திரை ஆரம்பிச்சிடுங்க, "அப்புறம் பார்த்துக்கலாம்" வேண்டாம். தினம் 10 மைக்ரோகிராம் போதும், இல்லைன்னா வாரத்துக்கு ஒரு தடவை 2,000. வாரக் கணக்குல இவ்வளவு பெரிய எண்ணு ஏன்னா, ஒரே வேளையில அதிகமாக் கொடுத்தா உடம்பு அதுல சிறு பங்கைத்தான் உறிஞ்சும். பல பி12 மாத்திரை ஜெலட்டின் உறையில வருது, அது விலங்கு எலும்பு, தோல்ல செய்யறது. அட்டையைத் திருப்பி உறை எதுல செஞ்சதுன்னு பாருங்க, உறையில்லாத வில்லையாக் கேட்டாலும் மருந்துக்கடையில கிடைக்கும்.

அஞ்சறைப்பெட்டி

வெளியில சாப்பிடறவங்களுக்கு ஒண்ணு. பரோட்டா மாவுல முட்டை சேர்க்கற கடை நிறைய, "முட்டை போட்ட மாவா?"ன்னு கேட்டுட்டு உட்காருங்க. சால்னா கேக்கும்போது "சைவ சால்னா தனிப் பாத்திரமா?"ன்னும் கேக்கணும், பல கடையில ஒரே குழம்புல கறியை எடுத்துட்டு ஊத்துவாங்க. பேக்கரியில பிஸ்கட், பப்ஸ் மேல பளபளப்புக்குத் தடவறது பல இடத்துல முட்டை. பாக்கெட்ல பச்சைப்புள்ளி இருந்தா முட்டை கிடையாது, ஆனா பால் இருக்கலாம். பால் வேண்டாம்னு போறவங்க உட்பொருள் வரியில மோர்ப்புரதம், பால்பொடின்னு இருக்கான்னு படிச்சுப் பார்த்துத்தான் எடுக்கணும்.